பின்னாலேயே வந்த வேன்

வீட்டுக்குள் சைக்கிள் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. சண்டை மட்டும் இன்னும் வெளியே போகவில்லை.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காகச் சுருக்கமாக: பள்ளிக்கூட மாடிப்படியில் ஏறும்போது பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள் இந்த வீட்டுப் பெண். வயது பதின்மூன்று. டாக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். இதயத்தில் கோளாறு இல்லை, நுரையீரலில் கோளாறு இல்லை. சர்க்கரை மட்டும் எல்லைக்கோட்டில் நின்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மருந்து எழுத ஒண்ணுமே இல்லைங்க" என்றார் டாக்டர். "பொண்ணு உடம்புக்கு யாரும் வேலையே குடுக்கல, அவ்வளவுதான். நடக்கட்டும், சைக்கிள் ஓட்டட்டும். மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்துப் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா மாத்திரை ஆரம்பிக்க வேண்டியதுதான்."

இதில் வேடிக்கை என்னவென்றால், பெண்ணின் அம்மா ஒரு பிசியோதெரபிஸ்ட். ஊரார் உடம்புக்கெல்லாம் வேலை கொடுப்பதுதான் அவள் வேலை. பெண்ணின் அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார். ஊரார் பிள்ளைகளை நடக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. வேனின் பின்பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்: 'உங்கள் வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை. ஒரு அடிகூட நடக்க வேண்டாம்!' அந்த ஆச்சரியக்குறியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

டாக்டரிடம் போய் வந்த மறுநாளே அம்மா பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பேச்சு குறைந்தது, கதவு சாத்தும் சத்தம் கூடியது. நேற்று சாப்பிடும்போது திடீரென்று, "சரி, போகட்டும். நீ சொல்றது சரிதான்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவள் கேட்டதே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இன்று திங்கட்கிழமை. பள்ளிக்குச் சைக்கிளில் போகும் முதல் நாள்.

"வாரை இறுக்கு. இன்னும் கொஞ்சம்" என்றாள் அம்மா.

"இன்னும் இறுக்கினா மூச்சு நின்னுடும்" என்றாள் பெண், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

வேன்காரர் ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பின்சக்கரத்துல காத்து பத்தலை" என்றார் யாரையும் பார்க்காமல்.

"நேத்துதான் அடிச்சேன்."

"நேத்து அடிச்சது நேத்தைக்கு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் காற்றடித்தாள். காலையிலேயே ஆரம்பிக்க வேண்டாம் என்று நினைத்தாள். அவர் பம்பை வாங்கி, தன் பங்குக்கு இரண்டு அடி அடித்தார்.

"முதலாளி, அந்தக் கிடங்குத் திருப்பத்துல..."

முதலாளி என்பது பெண்ணின் பெயரல்ல, பதவி. நாலு வயதில் வேனின் முன் சீட்டில் உட்கார்ந்து அவள் 'போலாம்' என்று சொன்னால்தான் அவர் வண்டியை எடுப்பார். அன்று ஒட்டிக்கொண்டது.

"இறங்கித் தள்ளிக்கிட்டுப் போவேன். லாரி போனப்புறம்தான் ஏறுவேன். காதுல வலி வர்ற அளவுக்குச் சொல்லிட்டீங்கப்பா."

ஒரு வாரமாக மருத்துவமனைக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் தினமும் சாயங்காலம் அம்மாவும் பெண்ணும் பழகியிருந்தார்கள். முதல் நாள் இரண்டு சுற்றுக்கே பெண் நாக்குத் தள்ளிப்போய் ஹேண்டில்பாரில் கவிழ்ந்துகொண்டாள். ஆனால் அன்று ராத்திரி போனைக் கையில் வைத்தபடியே தூங்கிப்போனாள். அதற்கடுத்த நாள் போனைத் தொடவே இல்லை. காலையில் எழுப்பினால் சிடுசிடுப்பதும் குறைந்திருந்தது. இதையெல்லாம் அம்மா கவனித்தாள், வாய் திறக்கவில்லை. சொன்னால் அந்த மனுஷர் அதிலும் ஏதாவது குறை கண்டுபிடிப்பார்.

பெண் கிளம்பினாள். தெருமுனையில் சற்றே தள்ளாடி, நிமிர்ந்து, திரும்பிப் பார்க்காமல் போனாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நானும் கிளம்பறேன். டிரிப்புக்கு நேரமாச்சு" என்றார் வேன்காரர்.

டிரிப்புக்கு இன்னும் நேரமாகவில்லை. அது அவளுக்கும் தெரியும். சந்தோஷம் வந்தால் மூளை கொஞ்சம் காலை நீட்டிப் படுத்துவிடும் போலிருக்கிறது.

*

மருத்துவமனையில் பிசியோ பிரிவு கீழ்த்தளத்தின் கடைசியில் இருந்தது. இரண்டு கட்டில், ஒரு நிலைக்கண்ணாடி, சுவரோரம் கலர் கலராக ரப்பர் பந்துகள். 'பிசியோக்கா' என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர் ஒருவரை நடக்கவைத்து அனுப்பிவிட்டுத் திரும்பினால், வாசலில் பேக்கரி அம்மா நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. கூடவே ஆறாவது படிக்கும் மகள். சாயங்காலமானால் கால் வலி, கழுத்து வலி என்று அழுகிறாளாம்.

"சாயங்காலம்தானே வரச் சொல்லியிருந்தேன்? இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?" என்றாள் பிசியோ.

"அதை ஏன் கேக்கறீங்க. உங்க வீட்டுக்காரர் வேன் வரவே இல்லை. வந்தப்போ மணி அடிச்சு முடிஞ்சு போச்சு. சரி, லீவைப் போட்டுட்டு இங்கயாவது வருவோம்னு வந்துட்டேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "உங்க வீட்டுக்கு எதிர்லதானே ஸ்கூல்?"

"ஆமா."

"மணி அடிச்சா உங்க சமையலறைலயே கேக்குமே?"

"நல்லா கேக்கும்."

"அப்ப வேன் வரலைன்னா நடந்து போயிருக்கலாமே!"

"நடந்தா?" என்றார் பேக்கரி அம்மா. பறந்து போகச் சொன்னதுபோல மகளைப் பார்த்தார். மகளும் அம்மாவைப் பார்த்தாள்.

பிசியோவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வேலை நேரமாயிற்றே என்று அடக்கிக்கொண்டு சிறுமியைக் கட்டிலில் படுக்கவைத்தாள். காலை நீட்டி மடக்கிப் பார்த்தாள். கெண்டைக்கால் தசை இறுகிப்போய்க் கிடந்தது. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். நாலைந்து தடவைக்குமேல் அந்தப் பிள்ளையால் முடியவில்லை.

"வேன் ஏன் லேட்டு? டயர் கியர் பஞ்சரா?" என்று பேச்சுவாக்கில் கேட்டாள்.

"அதெல்லாம் இல்லைங்க. உங்களுக்குத் தெரியாதா?" பேக்கரி அம்மாவுக்கு இப்போதுதான் உற்சாகம் வந்தது. "காலைல ஒரே கூத்து! கடையைத் திறந்துக்கிட்டிருந்தேன். உங்க பொண்ணு சைக்கிள்ல வருது. நல்லாத்தான் ஓட்டுது. பின்னாலயே காலி வேன். ஆமை மாதிரி ஊர்ந்து வருது. பக்கத்துல யாராவது வந்தா ஹாரன், எதிர்ல யாராவது வந்தா ஹாரன். வேனுக்குப் பின்னால காரு, பஸ்ஸுன்னு ஊரே நின்னு கத்துது. மந்திரிக்குக்கூட அப்படி ஒரு பாதுகாப்பு கிடையாதுங்க. கேட்ல நின்ன பசங்க எல்லாம் சிரிச்ச சிரிப்பு இருக்கே... பாவம், உங்க பொண்ணு சைக்கிளை அப்படியே சுவத்துல சாச்சுட்டு உள்ள ஓடிருச்சு. அதுக்கப்புறம்தான் அவர் மத்த பிள்ளைங்களைக் கூப்பிடவே போனார்."

அவள் சிறுமியின் காலைப் பிடித்தபடியே நின்றாள்.

'சரி, போகட்டும். நீ சொல்றது சரிதான்.' ஓஹோ. இதற்குத்தானா!

"அக்கா, வலிக்குது" என்றாள் சிறுமி.

கையைத் தளர்த்தினாள். கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த மனுஷர் பக்கத்தில் இல்லை, எதிரே இருந்தது பேக்கரி அம்மாதான்.

"இங்க பாருங்க. உங்க பொண்ணுக்கு நோய் நொடி எதுவும் கிடையாது. இந்த வயசுலதான் எலும்பு கெட்டிப்படும். அது சும்மா பாலைக் குடிச்சா மட்டும் ஆகாது. நம்மளை யாரோ உபயோகப்படுத்தறாங்கன்னு எலும்புக்குத் தெரியணும். நடக்கணும், ஓடணும், சைக்கிள் மிதிக்கணும். நடந்து போற பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் வரும், காலைல கிளாஸ்ல தூக்கம் வராது. படுக்கைலேர்ந்து சீட்டு, சீட்டுலேர்ந்து பெஞ்சு, பெஞ்சுலேர்ந்து சோபான்னு உக்கார வச்சுக்கிட்டே இருந்தா கால் வலிக்காம என்ன செய்யும்? கழுத்து போனைப் பாத்துத் தொங்கிக்கிட்டே இருந்தா அது என்ன செய்யும்?"

"அப்ப வேனு..."

"நிறுத்திடுங்க. நாளையிலேர்ந்து நடக்கட்டும். ரோட்டைக் கடக்க நீங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. சாயங்காலம் ஊரைச் சுத்தி வரட்டும்."

வாயிலிருந்து வந்துவிட்டது. அறிவுரையாகப் பார்த்தால் அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. மனைவியாகப் பார்த்தால் கணவரின் வேனிலிருந்து ஒரு சவாரியை இறக்கிவிட்டிருந்தாள். பேக்கரி அம்மா கண்ணை விரித்து, "நீங்களே சொல்றீங்களே, அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று கிளம்பிப் போனார். அவர் வாயில் விழுந்த செய்தி பேக்கரிக்கு ரொட்டி வாங்க வரும் ஒவ்வொருவருக்கும் போய்ச் சேரும் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

*

சாயங்காலம் அவள் வாசலிலேயே நின்றாள். சைக்கிள் மணி கேட்கும் என்று ஒரு நப்பாசை.

வேன்தான் வந்தது. மற்ற பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்திருந்தார். முன் சீட்டிலிருந்து பெண் இறங்கினாள். பின் சீட்டுகளின் மேல் சைக்கிள் படுத்திருந்தது.

பெண்ணின் முகம் வீங்கியிருந்தது. நேராக உள்ளே போய் ஹெல்மெட்டை சோபாவில் வீசினாள்.

"இனிமே நான் அந்தச் சைக்கிளைத் தொட மாட்டேன்."

"என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆச்சா? எனக்குப் பேரே மாறிப்போச்சு. இன்னிக்கு முழுக்க நான் 'பாம் பாம்'. கிளாஸுக்குள்ள போனா 'பாம் பாம்'. தண்ணி குடிக்கப் போனா 'பாம் பாம்'. டீச்சர்கூட சிரிப்பை அடக்கிக்கிட்டாங்க." குரல் உடைந்தது. "அந்தப் பூங்காச் சுவர் முடியற வரைக்கும் எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமாம்மா? காத்து மூஞ்சில அடிச்சுது. ஒரு தாத்தா வாக்கிங் போயிட்டிருந்தார், என்னைப் பாத்துக் கையசைச்சார். நான் மட்டும் தனியா போறேன்னு நினைச்சேன். திரும்பிப் பாத்தா வேன்!"

அம்மா அவள் தலையைத் தடவப் போனாள். அவள் தட்டிவிட்டாள்.

"மாடிப்படி கூட இன்னிக்கு நிக்காம ஏறிட்டேன். யார் மூஞ்சியையும் பாக்கக் கூடாதுன்னு ஓடினேன். மேல போனப்புறம்தான் தெரிஞ்சுது, நான் நடுவுல உக்காரவே இல்லைன்னு. அதைச் சொல்லி சந்தோஷப்படக்கூட முடியலை."

வேன்காரர் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்குக் கொஞ்சம் கீழே நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குழந்தையே வேண்டாம்ங்குது" என்றார். "நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க பண்ணினது போதாதா? போகட்டும்னு வாயாலே சொல்லிட்டு, பின்னாலயே திருடன் மாதிரி போயிருக்கீங்க!"

"திருடன் ஹாரன் அடிப்பானா?"

"ஜோக்கு வேற! அவ மூச்சு வாங்கி உக்காந்த அன்னிக்கு ஜோக்கு வந்துச்சா உங்களுக்கு? ஒரு வாரமா நான் கெஞ்சி, கூத்தாடி, ஒவ்வொரு சுத்தா ஓட்ட வச்சேன். ஒரே காலைல கொண்டுபோய்க் குப்பைல போட்டுட்டீங்க."

"நீ மட்டும் ரொம்ப ஒழுங்கு!" அவர் பாட்டிலை மேஜையில் வைத்த வேகத்தில் மூடி தெறித்தது. "பேக்கரி அம்மா போன் பண்ணாங்க. 'நாளையிலேர்ந்து வேன் வேண்டாங்க, உங்க வீட்டுக்காரம்மாவே சொல்லிட்டாங்க'ன்னு. அவங்க பேச்சைக் கேட்டு இன்னும் ரெண்டு வீட்டுல யோசிக்கிறாங்களாம். என் பொழப்புல மண்ணள்ளிப் போடறதுக்கு வெளியாள் வேணுமா எனக்கு?"

அவள் ஒரு நொடி தடுமாறினாள். அது தப்புதான். ஆனால் தப்பை ஒத்துக்கொள்ளும் நேரமா இது?

"ரோட்டைக் கடந்தா ஸ்கூல்! அந்தப் பிள்ளைக்கு எதுக்கு வேன்? என் வேலைல நான் பொய் சொல்லணுமா? உங்க பொழப்பு நடக்கணும்னா ஊர்ப் பிள்ளைங்க கால் வலிச்சுக் கிடக்கணும், நம்ம பொண்ணு மாத்திரை முழுங்கணும், அப்படித்தானே?"

சொன்னதும் பெண்கூடத் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

வேன்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பொழப்புக்காகவா நான் பின்னால போனேன்?" என்றார். "வெளிய வா. முதலாளி, நீயும் வா."

அவர் சைக்கிளை வேனிலிருந்து இறக்கினார். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"ஏறு" என்றார் மனைவியிடம். "அங்க இல்லை. என் சீட்டுல."

அந்தச் சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. பக்கத்துச் சீட்டில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறாள், கோவிலுக்கும் கடைக்கும் போகும்போது. இங்கிருந்து பார்த்தால் தெரு வேறு மாதிரி இருந்தது. எல்லாம் கீழே இருந்தது, எல்லாம் தூரத்தில் இருந்தது. ஸ்டியரிங்கின் மேல் அவர் கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது.

அவர் பெண்ணையும் சைக்கிளையும் அழைத்துக்கொண்டு வேனைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனார். பிறகு தான் மட்டும் திரும்பி வந்து, திறந்த கதவோரம் நின்றார்.

"கண்ணாடில பாரு. பொண்ணு எங்க?"

அவள் அந்தப் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். மதில் சுவர் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டி தெரிந்தது. ஈரத்துணி ஒன்று கொடியில் ஆடுவது தெரிந்தது.

"ஜன்னல் வழியா பாரு."

தெருவின் அந்தப் புறத்து வீடு தெரிந்தது. பூட்டிய கேட் தெரிந்தது.

"தெரியலை" என்றாள். "வீட்டுக்குள்ள போயிட்டாளா?"

"கையை நீட்டினா வேனைத் தொடற தூரத்துல நிக்கிறா. சைக்கிளோட." அவர் குரல் கரகரத்தது. "கண்ணாடிக்கும் ஜன்னலுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. நான் உடம்பை வளைச்சுத் திரும்பிப் பாப்பேன். எனக்குப் பழக்கம். எல்லாவனுமா பாக்கறான்? கிடங்குக்கு வர்ற லாரிக்காரன் ராத்திரியெல்லாம் ஓட்டிட்டு வர்றான். போன்ல பேசிக்கிட்டே திருப்பறவன் எத்தனை பேருன்னு தினமும் பாக்கறவன் நான். ரோட்டுல போற ஒவ்வொருத்தனும் திரும்பிப் பாப்பான்னு நீ எழுதிக் குடு. நாளைக்கே தனியா விடறேன்."

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அவர் போன் அடித்தது. திரையில் வேனில் பிள்ளையை அனுப்பும் இன்னொரு வீட்டின் பெயர் தெரிந்தது. அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

எந்தத் தசை எப்படி இழுக்கும், எந்த மூட்டு எப்படித் தேயும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். இதற்குச் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. ஒரு வாரமாக அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பிடிவாதம் என்று நினைத்திருந்தாள். இப்போது அதே பயம் அவளையும் பிடித்துக்கொண்டது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? நடந்து பழகட்டும், வீட்டுக்குள்ளேயே ஏதாவது செய்யட்டும் என்று சொல்லிவிடலாமா? அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"நான் இங்கதான் நிக்கிறேன்" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

இருவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"நான் என்ன ஒளிஞ்சுக்கிட்டா நிக்கிறேன்? ரோட்டுலதான் நிக்கிறேன். உங்களுக்குத் தெரியலைன்னா அது என் தப்பா? தெரியாம ஓட்டறவங்க எல்லாம் ஜாலியா ஓட்டுவாங்க, நான் மட்டும் வீட்டுல உக்காந்துக்கணுமா?"

"முதலாளி, அப்பா சொல்றதை..."

"இருங்கப்பா, நான் முடிக்கல." குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "மாத்திரைன்னு டாக்டர் சொன்னப்போ நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டீங்க. என்னை யாரும் பாக்கலை. எனக்குத்தானே மாத்திரைன்னார்? எனக்குப் பயமா இருந்துச்சு. படில உக்காந்தப்போ செத்துடுவேன்னு நினைச்சேன். லாரியைவிட எனக்கு அதுதான் பயம். லாரி வந்தா இறங்கி நின்னுக்கலாம். அந்த மூச்சு நின்னுட்டா எங்க இறங்கறது?"

வேன்காரர் கதவைப் பிடித்தபடி நின்றார். அம்மா அழுதுவிடுவோமோ என்று பயந்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் சைக்கிள் யாருடையது என்றே இந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எதிர்ப்பக்கத்தில் சங்கிலி கிறுகிறுத்தது. பெண் ஏறிவிட்டாள். ஹெல்மெட்கூடப் போட்டுக்கொள்ளவில்லை என்று அம்மாவுக்குத் தோன்றி, கத்துவதற்குள் வேனின் முன்னால் வந்துவிட்டாள். அப்பாவைத் தாண்டி, பின்பக்கம் போய், வேனைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் எதிர்ப்பக்கம் வந்தாள்.

கண்ணாடியில் தெரிந்தாள். சிவந்த முகம், திறந்த வாய், மேலும் கீழுமாகப் போகும் முழங்கால்கள். பிறகு காணோம். சுவரும் குப்பைத் தொட்டியும் மட்டும் இருந்தன. அப்புறம் ஜன்னலில் முளைத்தாள்.

இரண்டாவது சுற்று. கண்ணாடியில் தெரிந்தாள். காணோம்.

நின்றுகொண்டிருக்கும் வேன்தான், சாவிகூடப் போடவில்லை. இருந்தும் அம்மாவின் கால் தானாக நீண்டு கீழே இருந்த எதையோ ஓங்கி மிதித்தது. பெண் ஜன்னலில் வந்த பிறகும் கால் மேலே வரவில்லை.

கதவோரம் நின்ற அவர் அதைப் பார்த்துவிட்டார். அவர் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள். குத்திக்காட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் பார்வையைப் பெண் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெண் டிரைவர் பக்கத்தில் வந்து ஒரு காலை ஊன்றி நின்றாள். மூச்சு இரைத்தது. இரைக்க இரைக்கப் பேசினாள்.

"நாளைக்குக் காலைல நான் போறேன். பூங்கா வழியா. கிடங்குகிட்ட இறங்கித் தள்ளிட்டுப் போறேன். வேனும் வரக்கூடாது, அம்மாவும் வரக்கூடாது. 'பாம் பாம்'னு கூப்பிட்டா கூப்பிடட்டும். சரியா?"

வேன்காரர் பெண்ணைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். நீயாவது வேண்டாம்னு சொல்லேன் என்று அந்தக் கண் கெஞ்சியது. ஒரு வாரமாக அவளை எதிர்த்துக்கொண்டிருந்த மனுஷர், கடைசியில் அவளைத்தான் நம்பி நின்றார்.

அவள் பெண்ணைப் பார்த்தாள்.

"போயிட்டு வா" என்றாள்.

கால் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"அது கிளட்ச்" என்றார் மெதுவாக. "பிரேக் அதுக்குப் பக்கத்துல இருக்கு."

அவள் காலை நகர்த்தி அதன்மேல் வைத்துக்கொண்டாள்.